ஒருவாட்டி அடித்தால் ஒழுகுது

ஐப்பசி அடைமழை. ராத்திரி ரெண்டு மணிக்கு
யாரும் தொடாமலே ஹாரன் அடித்தது வண்டி.
தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய காளிபாளையம்
இதற்கு எழுந்து விளக்கைப் போட்டது.
நைட்டியோடு ஓடி பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.
உள்ளே கால்மிதி மிதந்துகொண்டிருந்தது.

"வித்துத் தொலை" என்றார் எங்கூட்டுக்காரர்.

பதினாலு வருசத்துப் பிக்கப்.
பொங்கலூர் கோழிப்பண்ணை சென்னியப்பன் ஓட்டியது ஆறு,
நான் ஓட்டுவது எட்டு.
சோமனூருக்குக் கோன் ஏற்றிப் போவேன்,
திரும்பும்போது துணி.
விற்க மாட்டேன் என்று சொல்லவில்லை.
மழை வெறிக்கட்டும் என்றேன்.

வெறித்தது.
அவர் வெளியே ஓஸ் பைப்போடு.
நான் உள்ளே, சீட்டில் முதுகை வைத்து,
டேஷ்போர்டுக்கு அடியில் தலையைத் தொங்கவிட்டு,
வாயில் டார்ச்.
கண்ணாடி ஏற்றியிருந்ததால் பேச்சு கேட்காது.
மூன்று நாளாய்க் கண்ணாடி இல்லாமலும் கேட்கவில்லை.
அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்:
ஒருவாட்டி அடித்தால் ஒழுகுது.
ரெண்டுவாட்டி அடித்தால் நிறுத்து.

கதவு ரப்பரில் ஊற்றினார். இல்லை.
கூரை மடிப்பில். இல்லை.
முன்கண்ணாடி ஓரம், போன வருசம் நான்
ட்யூப் ட்யூபாய் சிலிகான் பிதுக்கிய இடம். அங்கும் இல்லை.
வைப்பருக்குக் கீழே சல்லடைப் பட்டையில் ஊற்றியதும்
நெற்றியில் ஒரு சொட்டு.
பிறகு மூக்கில்.
பிறகு பியூஸ் பெட்டியின் முதுகில்
எறும்பு மாதிரி வரிசை பிடித்து இறங்கியது.

அடித்தேன், ஒருவாட்டி.
வண்டி தானாக இன்னும் நாலு அடித்தது.
கணக்கில் இல்லாத ஐந்தைக் கேட்டுக் குழம்பி
ஓஸைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டார்.
எனக்குச் சிரிப்பில் டார்ச் விழுந்துவிட்டது.

பட்டைக்கு எட்டுத் திருகு.
மூன்று துரு, ஒன்றுக்குத் தலையே இல்லை.
கழற்றினால் உள்ளே ஒரு குப்பைமேடு.
கைவிட்டுக் கடகாலில் அள்ளிப் போட்டேன்.
மேலே வேப்பஞ்சருகு, இந்த வருசத்தது.
அடியில் மில் வாசலில் காற்று சேர்த்த பஞ்சு,
நனைந்து, நரைமயிர் போலத் திரண்டு.
ஒரு குளவிக்கூடு. திருஷ்டிக்குக் கட்டின மிளகாய்.
சோடா மூடி ஒன்று,
அந்தச் சந்தில் எப்படி நுழைந்ததென்று இன்றும் ரோசனை.
எல்லாவற்றுக்கும் கீழே கோழி இறகு.
சென்னியப்பன் காலத்து இறகு
எட்டு வருசமாய்ச் சொல்லாமல் கூடவே வந்திருக்கிறது.

சேற்றை வழித்ததும் மூலையில் வடிகிற ஓட்டை தெரிந்தது.
கம்பி விட்டார். இறங்கவில்லை.
வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.
"எம்-சீல் வெச்சு அடைச்சிருக்கறான்.
அந்தச் சென்னியப்பனாத்தான் இருக்கும்.
அட கெரகமே, எந்தப் பைத்தியக்காரனாவது..."

நெம்பியது கழன்று விழுந்தது, பட்டாணி அளவு.
மேலே ஒரு கட்டைவிரல் ரேகை.
குறுக்கே, டெயில்போர்டு கொக்கி கிழித்த தழும்பு.

ஒரு சித்திரை மத்தியானம் ஞாபகம் வந்தது.
துரு தின்ற ஓட்டை என்று நினைத்து
படுத்தபடியே பிசைந்து, உருட்டி, அழுத்தி,
வேலை தெரிந்தவள் மாதிரி
கையைத் தட்டிக்கொண்டு எழுந்தது நான்தான்.

வாயைத் திறக்கவில்லை.
சென்னியப்பன் இன்னும் ரெண்டு வசவு வாங்கினார்.
பிறகு அவர் அந்த உருண்டையைப் பார்த்தார்,
என் விரலைப் பார்த்தார்,
ஒன்றும் பேசாமல் ஓஸைத் திறந்தார்.

முன்சக்கரத்துக்குப் பின்னால்
மாடு பெய்கிற மாதிரி
நின்று நிதானமாய் வடிந்தது தண்ணீர்.

அடுத்த மழைக்கு ஒரு சொட்டில்லை.
ஹாரனும் இல்லை. அமுக்கினால் ஊமை.
விற்பதைப் பற்றி அவரும் பேசவில்லை.

இன்று பல்லடம் ரோட்டில் குறுக்கே ஒரு எருமை.
கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டினேன்,
ஒருவாட்டி. அசையவில்லை.
ரெண்டுவாட்டி தட்டினேன்.

அதுதான் நிற்கிறதே.